பழைய வீடியோ கமராவின் குட்டிப் படக்குழாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த வீடியோ கமராக்கள் பலவற்றில், கண்ணை ஒத்திப் பார்க்கும் வியூபைண்டருக்குள் முழுதான ஒரு கறுப்பு வெள்ளை ரீவி ஒளிந்திருக்கிறது. விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதை ஓட்ட ஒரு சின்ன போர்ட், அவ்வளவுதான். கமராவின் ரேப் ஓடும் பகுதி பழுதாகிப் பல வருடம் கழிந்தாலும் இது அநேகமாக உயிரோடுதான் இருக்கும். இதைக் கழற்றி வேறு வேலைக்கு வைப்பது பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சோல்டர் பிடிக்கத் தெரிந்தவருக்காக எழுதியது. தெரியாதவர் முதலில் ஒரு பழைய றேடியோவில் கை பழகிக்கொண்டு வருவது நல்லது.

என் கமராவில் இந்த ரியூப் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கமராவுக்கு மின்சாரம் கிடைத்தால் ஒரு நிமிட வேலை. சுவிட்சைப் போட்டு வியூபைண்டரில் கண்ணை வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக, இரண்டு மூன்று விநாடி தாமதித்து மெல்ல வெளிச்சமானால் அது ரியூப். உள்ளே இருக்கும் இழை சூடாகும் நேரம் அது. அணைத்ததும் படம் சுருங்கி, ஒரு மங்கல் ஒளி சற்று நின்று மறைந்தால் சந்தேகமே வேண்டாம். போட்டவுடன் படம் வந்தால் அது எல்சிடி.

மின்சாரம் இல்லாவிட்டால் வயதைப் பாருங்கள். 1984இல் வந்த ஜேவிசி ஜிஆர்-சி1, கல்யாண வீடுகளில் தோளில் சுமந்து திரிந்த பனசோனிக் எம்3000, எம்9000, 8 மில்லிமீற்றர் ரேப் ஓடும் ஆரம்பகால வீடியோ 8 கமராக்கள் பல, எல்லாம் ரியூப் வைத்தவை. இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1983இல் வந்த சோனியின் முதல் பீற்றாமூவியில் வெறும் கண்ணாடி வில்லை வழியாகத்தான் பார்க்க வேண்டும், உள்ளே ரியூப் இல்லை. மறுபக்கம், 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 போன்றவை கலர் எல்சிடிக்கு மாறிவிட்டன. வியூபைண்டர் குழல் நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, எது சரியானது?

மிகப் பழைய கமராக்களில் லென்ஸுக்குப் பின்னாலும் ஒரு குழாய் இருக்கும். அது வெளிச்சத்தை வாங்கி மின் சிக்னலாக மாற்றும் குழாய். விடிகொன், சற்றிகொன் என்று பெயர்கள். மேலே சொன்ன ஜிஆர்-சி1இல் அரை அங்குலச் சற்றிகொன் இருக்கிறது. அதில் படம் காட்ட முடியாது. நமக்கு வேண்டியது கண் வைக்கும் பக்கத்தில் உள்ளது மட்டுமே. லென்ஸ் பக்கத்துக் குழாயையும் வீசிவிட வேண்டாம், பழைய கமரா திருத்துபவர்கள் அதைத் தேடித் திரிவார்கள்.

கமரா இன்னும் வேலை செய்கிறது. ரியூபுக்காக அதை உடைக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே நான் அடித்துச் சொல்லும் பதில் இதுதான்.

வீடியோ 8, விஎச்எஸ்-சி (சின்ன விஎச்எஸ்) ரேப்களைப் போட்டுப் பார்க்கும் கருவிகள் குறைந்துகொண்டே போகின்றன. வீடியோ 8க்குப் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கமராவேதான் பிளேயரும். நம் ஆட்கள் பலரின் கல்யாணம், சாமத்திய வீடு, ஊரில் விட்டுவந்த வீடு எல்லாம் அந்த ரேப்களில்தான் கிடக்கின்றன. அந்த வீடு இப்போது நிற்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும். ஓடுகிற கமரா கையில் இருந்தால் முதலில் அம்மாவிடமும் மாமாவிடமும் கேட்டு அலுமாரியைக் கிளறி, ரேப்களைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த ரேப்பைச் சுத்தம் செய்யாமல் போட வேண்டாம், ரேப்பைப் படிக்கும் தலை அடைபடும். இதெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கமராவை அப்படியே வைத்திருங்கள். ரியூப் எடுக்கச் செத்த கமராக்கள் தாராளமாக இருக்கின்றன.

செத்த கமராக்கள் கொழும்பில் எங்கே கிடைக்கும்?

கல்யாண வீடியோ எடுத்த பழைய ஸ்ரூடியோக்களில் முதலில் கேளுங்கள். பின்னறையில் தோள் கமரா ஒன்றாவது தூசி பிடித்துக் கிடக்கும். முதலாளி அதைத் தானாக விற்க மாட்டார், யாராவது கேட்டால் சந்தோஷமாகத் தருவார். அடுத்தது ரீவி, ரேடியோ திருத்தும் கடைகள். போத்தல், பேப்பர் எடுக்க ஒழுங்கைக்குள் வருபவரிடமும் சொல்லி வைக்கலாம், ஆனால் அவர் கைக்கு வரும்போது கமரா பெரும்பாலும் நசுங்கியிருக்கும்.

கப்பாசிற்றர், ரெசிஸ்ரர், மஞ்சள் ஏவி ஜாக் போன்றவை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் எடுக்கலாம். காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் நடக்கவே இடம் இருக்காது.

ரியூபை மட்டும் கழற்றி எடுத்தால் போதாதா?

போதாது. இதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ரியூப் தனியாக ஒரு கண்ணாடித் துண்டு மட்டுமே. அதன் கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள், பின்னால் உள்ள சொக்கெட், உயர் வோல்ற் தரும் தம்மாத்துண்டு ட்ரான்ஸ்போமர், எல்லாவற்றையும் நடத்தும் ஐசி, இவை அந்த ரியூபுக்கென்றே அளந்து செய்தவை. இன்னொரு கமராவின் போர்ட்டில் உங்கள் ரியூபைப் பொருத்தினால் சில வேளை வேலை செய்யும், பல வேளை செய்யாது. எனவே வியூபைண்டரை முழுதாக, கமராவுக்குப் போகும் வயர்க் கட்டை நீளமாக விட்டு வெட்டுங்கள். பிளக் இருந்தால் எதிர்ப்பக்கச் சொக்கெட்டையும் கமராவின் போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கண் வைக்கும் லென்ஸும் வேண்டும். 0.6 அங்குலத் திரையை வெறும் கண்ணால் பார்க்க இளம் கண்ணுக்கும் கஷ்டம்.

எந்த வயர் எதற்கு? ஆறு ஏழு இருக்கிறதே.

ஆறு ஏழு இருந்தாலும் நமக்கு மூன்றே மூன்றுதான் தேவை: நிலம் (கிரவுண்ட்), மின்சாரம், வீடியோ. மிச்சம் பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு, பற்றரி எச்சரிக்கை போன்றவை. நிறத்தை நம்ப வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி மாறும்.

கமராவில் இன்னும் மின்சாரம் ஏறுகிறது என்றால் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஏதாவதொரு முனை ஆடாமல் 5 வோல்ற் (சிலவற்றில் 9) காட்டும். அது மின்சாரம். வீடியோ முனையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி காது. சின்ன ஒலிபெருக்கி ஒன்றின் இன்புட்டை ஒரு கப்பாசிற்றர் வழியாக ஒவ்வொரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். வீடியோ முனையில் ஒரு கரகரப்பான இரைச்சல் கேட்கும். லென்ஸ் முன்னால் கையை ஆட்டினால் அந்த இரைச்சலும் மாறும்.

கமரா முழுதாகச் செத்திருந்தால் போர்ட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மல்ரிமீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்து, உலோக மூடியோடும் கப்பாசிற்றர்களின் கழிக்குறிப் பக்கத்தோடும் சேரும் வயர் எதுவென்று பாருங்கள், அது நிலம். போர்ட்டில் உள்ள மிகப் பெரிய கப்பாசிற்றரின் நேர்ப் பக்கத்துக்கு நேராகவோ ஒரு சின்னச் சுருள் வழியாகவோ போவது மின்சாரம். மிஞ்சியவற்றில் ஒரு ரெசிஸ்ரரும் கப்பாசிற்றரும் தாண்டி ஐசிக்குள் நுழைவது வீடியோவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு பரீட்சை. 5 வோல்ற்றை ஒரு 10 ஓம் ரெசிஸ்ரர் வழியாகக் கொடுங்கள். அந்த ரெசிஸ்ரரின் இரு முனைக்கும் இடையில் 1 வோல்ற் வந்தால் 100 மில்லிஅம்பியர் ஓடுகிறது, அது ஆரோக்கியமான அளவு. 3 வோல்ற்றுக்கு மேல் போனால் உடனே நிறுத்துங்கள், வயர் மாறியிருக்கிறது அல்லது எங்கோ ஷோர்ட். சரியாக இருந்தால் சில விநாடியில் திரை வெறுமனே ஒளிரும். இப்போது வீடியோ என்று நினைக்கும் வயரை விரலால் தொடுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹேட்ஸ் உங்கள் உடம்பு வழியாகப் போய் அங்கே படமாகத் தெரிகிறது.

கரண்ட் அடிக்குமா?

அடிக்கும், ஆனால் பெரிய ரீவி அளவுக்கு இல்லை. ஒரு கலர் ரீவி ரியூபில் 25,000 வோல்ற் வரை இருக்கும். இந்தக் குட்டியில் 2,000 முதல் 3,000 வரை. மொத்தச் சக்தியே அரை வாற் அளவுதான் என்பதால் ஆளைக் கொல்லும் பலம் இல்லை. ஆனால் சுள்ளென்று குத்தியதும் கையை உதறுவீர்கள், உதறிய கை ரியூபின் கழுத்தை உடைக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் ஓடும் போர்ட்டில் கை வைக்கவே வேண்டாம். திருகிகளைச் சரிசெய்யப் பிளாஸ்ரிக் திருப்புளி பாவியுங்கள். ட்ரான்ஸ்போமரிலிருந்து ரியூபுக்குப் போகும் தடித்த வயரையும், சொக்கெட்டின் பின்களையும் ஓடும்போது தொட வேண்டாம்.

எக்ஸ்ரே வருமா என்றும் ஒருவர் கேட்டார். இந்த வோல்ற்றில் உண்டாவது கண்ணாடியைத் தாண்டாது.

மின்சாரம் எங்கிருந்து கொடுப்பது? போன் சார்ஜர் சரியா?

5 வோல்ற் போர்ட் என்றால் யூஎஸ்பி சார்ஜரே போதும், ஆனால் மலிவுச் சார்ஜர் படத்தில் சாய்ந்த கோடுகள் போடும். 9 அல்லது 12 வோல்ற் அடப்டரிலிருந்து 7805 என்ற 5 வோல்ற் ரெகுலேற்றர் வழியாக எடுத்தால் படம் துப்புரவாக இருக்கும். பவர் பாங்கில் ஒரு தொல்லை: ரியூப் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பாங்குகள் ஒன்றும் செருகவில்லை என்று எண்ணித் தானாக அணைந்துவிடும். கூடவே ஒரு எல்ஈடி விளக்கைப் போட்டு ஏமாற்றலாம்.

அண்ணா, கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த கமரா. அது என்டிஎஸ்சி. இங்கே வேலை செய்யுமா?

செய்யும், கவலை வேண்டாம். கனடா, ஜப்பான் கமராக்கள் என்டிஎஸ்சி என்ற ரீவி முறை: 525 வரி, விநாடிக்கு ஏறக்குறைய 60 முறை. லண்டன், ஜேர்மனி, டுபாய் வழியாக வந்தவை நம் இலங்கையைப் போலவே பிஏஎல்: 625 வரி, 50 முறை. இந்த இரண்டு முறைகளும் பெரிதாக முரண்படுவது கலரில்தான். நம் ரியூபுக்குக் கலரே தெரியாது. வரி ஓடும் வேகம் ஒன்றில் 15,734, மற்றதில் 15,625, வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. படம் மேலிருந்து கீழாக உருண்டால் போர்ட்டில் உள்ள செங்குத்துப் பிடிப்புத் திருகியைச் சற்றுத் திருப்புங்கள், நின்றுவிடும். படத்தின் உயரம் கொஞ்சம் மாறும், அதற்கும் ஒரு திருகி இருக்கலாம்.

எதை இணைத்துப் படம் பார்ப்பது?

மஞ்சள் ஏவி ஜாக் உள்ள எதையும். பழைய டிவிடி பிளேயர், அனலொக் சிசிரிவி கமரா, வாகனத்தின் ரிவேர்ஸ் கமரா. ராஸ்பெரி பை ஸீரோ என்ற குட்டிக் கணினியில் இதற்கென்று இரண்டு சோல்டர் புள்ளிகள் இருக்கின்றன. ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 என்ற சின்னப் புரோகிராம் போர்ட்டுகளிலும் இந்தச் சிக்னலை உண்டாக்கும் இலவச மென்பொருள் உண்டு. ஆர்டுயினோவில் படம் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஆனால் நேரம் காட்ட அது போதும். புதிய கருவிகளுக்கு எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னப் பெட்டி வாங்க வேண்டும்.

படம் அளவுக்கு மீறி வெள்ளையாக வந்து துடித்தால் வீடியோ வயருக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு 75 ஓம் ரெசிஸ்ரர் போடுங்கள்.

எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக இருக்கிறது!

சில வியூபைண்டர்களில் ரியூபுக்கும் கண்ணுக்கும் இடையில் சரிவாக ஒரு கண்ணாடி இருக்கும். அதை நீங்கள் கழற்றிவிட்டீர்கள். செப்புச் சுருளிலிருந்து வரும் நான்கு வயரில் கிடைத்திசைக்கு உரிய இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சோல்டர் பண்ணினால் எழுத்து நேராகும். தலைகீழாக இருந்தால் மற்ற இரண்டையும் மாற்றுங்கள்.

படம் மங்கல், அல்லது நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்கி நிற்கிறது.

முதற் குற்றவாளி கப்பாசிற்றர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த, போர்ட்டின் மேல் ஒட்டிப் பொருத்தும் சின்ன எலெக்ரோலிற்றிக் வகை உள்ளே உள்ள திரவத்தைக் கசிய விடும். அது செப்புத் தடங்களைத் தின்னும். சோல்டர் இரும்பை வைத்ததும் மீன் நாற்றம் வந்தால் கசிந்திருக்கிறது. கடற்கரையோர வீடுகளின் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகிறது. எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஒன்றிரண்டு மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பவும் திறக்க வேண்டாம். மாற்றுமுன் ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பல் துலக்கும் பிறஷும் கொண்டு போர்ட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மங்கல் பல வேளை ரியூபில் இல்லை, கண் வைக்கும் லென்ஸில் பிடித்த பூஞ்சணம். அதையும் பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் திரை இருட்டாக இருந்தால் ரியூபின் கழுத்தின் உட்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் மினுங்கும் பூச்சைத் தேடுங்கள். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

பாட்டுக்கு ஏற்ப ஆடும் அலைகோடு காட்ட முடியுமா?

முடியும். இந்த ரியூபில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஆனால் இதற்கு இரண்டு வியூபைண்டர் வேண்டும்.

கழுத்தைச் சுற்றி இரண்டு சோடிச் சுருள்கள் உண்டு. ஒன்று ஒளிப்புள்ளியை விநாடிக்கு 15,625 முறை இடமிருந்து வலமாக இழுக்கிறது. மற்றது 50 முறை மேலிருந்து கீழாக. பாட்டின் அலையைக் காட்ட முதலாவது வேகம் மிக அதிகம். இரண்டாவது கணக்காக இருக்கிறது: ஒரு தடவை கடக்க 20 மில்லிசெக்கன். ஆகவே சுருளோடு சேர்த்து ரியூபையே 90 பாகை திருப்பிப் படுக்க வையுங்கள். முன்பு மேலிருந்து கீழே போன கோடு இப்போது இடம் வலமாகப் போகும். பழைய கிடைச் சுருளின் இரண்டு வயரையும் போர்ட்டிலிருந்து கழற்றி, எல்எம்386 போன்ற சின்ன ஓடியோ அம்பிளிபயரின் வெளியீட்டில் 10 ஓம் ரெசிஸ்ரர் ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுங்கள். பாட்டைப் போட்டதும் கோடு நெளியும். தவிலின் ஒவ்வோர் அடியும் தனித்தனிக் குத்தாகத் தெரியும், நாதஸ்வரம் நெருக்கமான பல்லுகளாக வரும்.

இதில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது, சுருளைக் கழற்றிய இடத்தைப் போர்ட்டில் வெறுமையாக விடக் கூடாது. உயர் வோல்ற்றும் அதே சுற்றிலிருந்துதான் பிறக்கிறது. அது வெறுமையாக ஓடினால் வோல்ற் தாறுமாறாகி ட்ரான்சிஸ்ரர் போய்விடும். அந்த இடத்தில் இரண்டாவது வியூபைண்டரின் கிடைச் சுருளைப் பொருத்துங்கள். அதற்குத்தான் இரண்டு கேட்டேன். அந்த இரண்டாவது, ரியூப் உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டு இல்லாத நேரம் ஒரே கோடு ஒரே இடத்தில் நிற்கும், அதனால் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். அசையாத கோடு திரைப் பூச்சை எரித்துத் தழும்பு போடும். இரண்டு சுருளும் ஓடாமல் ஒற்றைப் புள்ளி நின்றால் கேட்கவே வேண்டாம்.

தலையில் கட்டிக்கொண்டு கணினித் திரையாகப் பாவிக்கலாமா?

அதை எப்போதோ செய்துவிட்டார்கள். கனடியரான ஸ்டீவ் மான் 1981இல், முதுகில் சுமக்கும் கணினி ஒன்றைச் செய்து, தலைக்கவசத்தில் கமரா வியூபைண்டர் ரியூபைப் பூட்டி அதைத் திரையாக வைத்திருந்தார். அமெரிக்க அப்பாச்சி ஹெலிகொப்டர் விமானிகளின் தலைக்கவசத்திலும் ஒரு அங்குல ரியூப் ஒன்றுதான் ஒற்றைக் கண்ணுக்குப் படம் காட்டியது. வீட்டில் கதிரையில் இருந்து விளையாட நல்ல விஷயம். மாட்டிக்கொண்டு கொழும்பின் காலி வீதியைக் கடக்க மட்டும் முயல வேண்டாம். அந்த வீதிக்கு இரண்டு கண்ணே போதாது.

உண்மையில் ஒரு உபயோகம் சொல்லுங்களேன்.

கூரைக்குள் மரநாய். கொழும்பில் ஓட்டுக்கூரை வீட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இருட்டிலும் தெரியும் அகச்சிவப்பு சிசிரிவி கமராவை ஒரு தடியின் நுனியில் கட்டிச் சீலிங் துவாரத்தால் விட்டு, வியூபைண்டரைக் கையில் வைத்துப் பார்த்தால் குட்டி போட்டிருக்கிறதா, எந்த வழியால் வருகிறது என்பதெல்லாம் தெரியும். போன் திரையைப் போல முகத்தில் வெளிச்சம் அடிக்காது, கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

இன்னொன்று அழகுக்காக. நவராத்திரிக் கொலுவிலோ நத்தார் பாலன் குடிலிலோ பொம்மை வீடு ஒன்று வைத்தால் அதற்குள் உண்மையாகவே ஓடும் ரீவி. இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் செய்யும் வீட்டுக்கு 0.6 அங்குல ரியூப் அச்சொட்டாக அந்தக் காலத்து 14 அங்குல ரீவி. பிள்ளைகள் சாமியைப் பார்க்க மாட்டார்கள், அதையே பார்ப்பார்கள்.

கலர் வருமா? சுவரில் பெரிதாக விழுத்தலாமா?

இரண்டும் இல்லை. கலர் புள்ளிகள் அந்தத் திரையில் கிடையாது. வெளிச்சம் சுவருக்குக் காணாது. கொஞ்சம் பெரிய திரைதான் ஆசை என்றால், பழைய தொடர்மாடிகளில் கழற்றி எறியும் வீடியோ டோர்போனைத் தேடுங்கள், சிலவற்றில் 4 அங்குலத் தட்டை ரியூப் இருக்கும். வேலை இதே மாதிரிதான், ஆனால் வோல்ற்றும் குத்தும் அதிகம்.

உடைந்துவிட்டது. குப்பையில் போடலாமா?

மாநகர சபைக் குப்பையில் போட வேண்டாம். கண்ணாடியில் ஈயம் இருக்கலாம், சோல்டரில் நிச்சயம் இருக்கிறது. திரையின் உட்பக்கத்து வெள்ளைத் தூளை விரலால் தொடவோ ஊதவோ வேண்டாம். துண்டுகளை ஈரப் பேப்பரில் சுற்றி ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். போர்ட்டும் சுருளும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைக் கொடுக்க வேண்டாம், மேலே சொன்ன அலைகோட்டு வேலைக்கு அவை தேவைப்படும்.